ஒரு வாதம் எத்தனை கண்ணி தாங்கும்?

தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 40 வயதுவரை வடிவியல் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஒருநாள் ஒரு கனவானின் நூலகத்தில் யூக்ளிடின் ‘மூலங்கள்’ நூல் திறந்து கிடந்தது. கண்ணில் பட்டது முதல் புத்தகத்தின் 47-ஆவது தேற்றம். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தின்மேல் வரையும் சதுரம், மற்ற இரு பக்கங்களின்மேல் வரையும் சதுரங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்று அது சொன்னது. பள்ளியில் நாம் பிதாகரஸ் தேற்றம் என்று படித்ததுதான். இது நடக்கிற காரியமே இல்லை என்றார் ஹாப்ஸ். நிரூபணத்தைப் படித்தார். அது முந்தைய தேற்றம் ஒன்றைக் கை காட்டியது. அதைப் புரட்டினால் அது இன்னொன்றைக் கை காட்டியது. இப்படியே பின்னோக்கிப் போய், கடைசியில் மறுக்க வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். அன்றுமுதல் அவருக்கு வடிவியல்மேல் தீராத காதல் என்று அவருடைய நண்பர் ஜான் ஆப்ரி எழுதிவைத்திருக்கிறார்.

அந்த வழியை நாமும் பின்தொடரலாம். 47-ஆவது தேற்றத்தின் நிரூபணம் 41-ஐ நம்பியிருக்கிறது. ஓர் இணைகரமும் ஒரு முக்கோணமும் ஒரே அடிப்பக்கத்தில், ஒரே இணைகோடுகளுக்கு நடுவே நின்றால் இணைகரத்தின் பரப்பு இரு மடங்கு என்பது 41. அதற்கு 37 வேண்டும். 37-க்கு 35, 35-க்கு 34, 34-க்கு 29. இந்த 29-ஆவது தேற்றத்தில்தான் யூக்ளிட் தம் ஐந்தாவது எடுகோளை முதன்முறையாகக் கையில் எடுக்கிறார். இரண்டு கோடுகளை மூன்றாவது ஒன்று வெட்டும்போது, ஒரு பக்கத்து உட்கோணங்களின் கூடுதல் இரு செங்கோணத்தைவிடக் குறைந்தால், அந்தப் பக்கத்தில் கோடுகள் சந்தித்தே தீரும் என்பது அது. அதற்கு அவர் நிரூபணம் தரவில்லை. ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார்.

ஒரு வாதத்தின் முடிவு அடுத்த வாதத்துக்கு ஆதாரமாகி, அதன் முடிவு அதற்கடுத்ததற்கு ஆதாரமாகும் இந்த அமைப்புக்குச் சங்கிலி வாதம் என்று பெயர். மருத்துவர் நோயை அனுமானிப்பதும், நீதிபதி தீர்ப்பு எழுதுவதும், அரசு ஒரு திட்டத்துக்குக் காரணம் சொல்வதும் பெரும்பாலும் சங்கிலி வாதங்களே. வடிவம் சரியாக இருந்தால் உண்மை ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்குத் துளியும் தேயாமல் போய்ச்சேரும். ஆனால் ஐயமும் அதே வழியில்தான் போகிறது; போகப் போக அது சேர்ந்துகொண்டே வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவரே நீண்ட வாதத்தைச் சரியாக எடைபோட முடியும்.

சொல்லாமல் விட்ட முடிவுகள்

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் வகுத்த தர்க்கத்தின் அடிப்படை அலகு மூன்று வாக்கியங்கள் கொண்டது. இலங்கையில் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ பாடம் எடுக்கும் உயர்தர மாணவர்கள் இதை நியாயத்தொடை என்பார்கள். முடிவுக்கு ஆதாரமாக வைக்கும் வாக்கியங்களுக்கு எடுகூற்று என்று பெயர். இங்கும் அந்தச் சொற்களையே வைத்துக்கொள்வோம்.

பாலூட்டிகள் எல்லாம் முதுகெலும்பிகள்; வௌவால்கள் எல்லாம் பாலூட்டிகள்; ஆகவே வௌவால்கள் எல்லாம் முதுகெலும்பிகள். இதில் ‘பாலூட்டி’ என்ற பதம் இரண்டு எடுகூற்றுகளிலும் வருகிறது, முடிவில் இல்லை. அதுதான் நடுப்பதம். வௌவாலையும் முதுகெலும்பியையும் இணைத்துவைத்துவிட்டு அது விலகிக்கொள்கிறது. இப்போது இதை நீட்டுவோம்:

வௌவால்கள் எல்லாம் பாலூட்டிகள்.
பாலூட்டிகள் எல்லாம் முதுகெலும்பிகள்.
முதுகெலும்பிகள் எல்லாம் முதுகுநாணிகள்.
முதுகுநாணிகள் எல்லாம் விலங்குகள்.
விலங்குகள் எல்லாம் யூகேரியோட்டுகள்.
ஆகவே வௌவால்கள் எல்லாம் யூகேரியோட்டுகள்.

யூகேரியோட்டுகள் என்றால் உட்கருவுள்ள செல்வகை கொண்ட உயிரினங்கள். மரபு தர்க்க நூல்கள் இந்த வடிவத்தை சோரைட்டிஸ் என்கின்றன. எடுகூற்றுகள் 5, பதங்கள் 6. எடுகூற்றைவிடப் பதம் எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கும் என்று அரிஸ்டாட்டிலே குறித்திருக்கிறார். உள்ளே 4 நியாயத்தொடைகள் ஒளிந்திருக்கின்றன. வௌவால்கள் முதுகெலும்பிகள், வௌவால்கள் முதுகுநாணிகள், வௌவால்கள் விலங்குகள் என்ற 3 இடைமுடிவுகள் வாய்விட்டுச் சொல்லப்படவில்லை. படிப்பவரின் மனம் அவற்றைத் தானாகப் போட்டுக்கொண்டு கடந்துவிடுகிறது. அந்த வேகத்தில்தான் பிழையும் கண்ணில் படாமல் நுழைகிறது.

பிழை நுழையும் இரண்டு வாசல்களை மரபு தர்க்கம் துல்லியமாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

முதல் வாசல் ‘சில’ என்ற சொல். வௌவால்கள் எல்லாம் பாலூட்டிகள். சில பாலூட்டிகள் கடலில் வாழ்பவை. இரண்டும் உண்மை. ஆனால் வௌவால்கள் கடலில் வாழ்பவை என்றோ, சில வௌவால்களாவது அப்படி என்றோ முடிவு கட்ட முடியாது. கடலில் வாழும் அந்தச் சில பாலூட்டிகள் திமிங்கிலம், ஓங்கில் போன்றவை. வௌவால் அந்தக் கூட்டத்திலேயே இல்லை. நடுப்பதமான ‘பாலூட்டி’ முழுக் கூட்டத்தையும் ஒருமுறைகூடத் தழுவாததால் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடவில்லை. ஆகையால் ‘சில’ என்பது சங்கிலியின் முதல் எடுகூற்றில் மட்டுமே வரலாம். ‘பறக்கும் உயிர்களில் சில வௌவால்கள்’ என்று தொடங்கினால் தவறில்லை. பறக்கும் உயிர்களில் சில யூகேரியோட்டுகள் என்று முடியும். நடுவில் ‘சில’ வந்தால் சங்கிலி அங்கேயே அறுந்தது.

இரண்டாவது வாசல் ‘அல்ல’ என்ற மறுப்பு. எந்த வௌவாலும் பறவை அல்ல. பறவைகள் எல்லாம் வெப்பக்குருதி விலங்குகள். ஆகவே எந்த வௌவாலும் வெப்பக்குருதி விலங்கு அல்ல. எடுகூற்றுகள் இரண்டும் உண்மை, முடிவு பொய். பறவைகள் எல்லாம் வெப்பக்குருதி உள்ளவை என்பதால் வெப்பக்குருதி உள்ளவை எல்லாம் பறவைகள் என்று ஆகிவிடாது. முடிவோ வெப்பக்குருதி விலங்குகளின் கூட்டம் முழுவதிலிருந்தும் வௌவாலை வெளியேற்றுகிறது. அவ்வளவு பெரிய அதிகாரத்தை எடுகூற்று தரவேயில்லை. எனவே மறுப்பு கடைசி எடுகூற்றில் மட்டுமே வரலாம். நம் சங்கிலியின் இறுதியில் ‘எந்த யூகேரியோட்டும் பாக்டீரியா அல்ல’ என்று ஒன்றைச் சேர்த்தால், எந்த வௌவாலும் பாக்டீரியா அல்ல என்ற முடிவு ஒழுங்காகக் கிடைக்கும்.

ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ருடால்ஃப் கோக்லேனியுஸ் (1547–1628) இதையே தலைகீழாக அடுக்கிக் காட்டினார். யூகேரியோட்டில் தொடங்கி வௌவாலில் முடியும் அந்த அடுக்குக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதில் விதிகளும் இடம் மாறும்: மறுப்பு முதலில் மட்டும், ‘சில’ கடைசியில் மட்டும். காரணம் மாறவில்லை, வரிசைதான் மாறியது.

இந்த விதிகள் வடிவத்தை மட்டுமே காவல் காக்கும். தொடக்கத்தைக் காக்க அவற்றால் இயலாது. எல்லாவற்றையும் நிரூபித்துக்கொண்டே பின்னோக்கிப் போனால் முடிவே இராது, எங்கேனும் நிரூபிக்காத முதல் கோட்பாட்டில் நின்றாக வேண்டும் என்று அரிஸ்டாட்டில் வாதிட்டார். யூக்ளிட் நின்ற இடம் அந்த ஐந்தாவது எடுகோள். 1829-இல் ரஷ்யாவின் லொபச்செவ்ஸ்கியும் 1832-இல் ஹங்கேரியின் யானோஷ் போயாயும் அதை விட்டுவிட்டு, வேறொன்றை வைத்து முரண்பாடு இல்லாத புதிய வடிவியலைக் கட்டிக்காட்டினார்கள். அங்கே பிதாகரஸ் தேற்றம் பொருந்துவதில்லை. யூக்ளிடின் நிரூபணத்தில் இடையில் எதுவும் தவறாகிவிடவில்லை. தொடக்கம் மாறியது, அதனால் கடைசியும் மாறியது.

குடபுலவியனாரின் வாதம்

பேச்சில் யாரும் எல்லா எடுகூற்றையும் வரிசையாக ஒப்பிப்பதில்லை. தெரிந்ததுதானே என்று ஒன்றை விட்டுவிடுவார்கள். இப்படிக் குறைத்துச் சொன்ன வாதத்தை கிரேக்கர்கள் என்திமீம் என்றார்கள். மேடைப் பேச்சின் உயிரே அதுதான் என்பது அரிஸ்டாட்டிலின் கணிப்பு. எடுகூற்று ஒவ்வொன்றுக்கும் அங்கேயே ஒரு காரணத்தை ஒட்டவைத்துப் போவது இன்னொரு வகை. அதற்கு எபிக்கெரீமா என்று பெயர். முன்னது சுருக்கும், பின்னது விரிக்கும். பேச்சுக் கலையில் இரண்டும் கலந்தே வரும்.

இவை இரண்டும் சங்கிலியோடு சேர்ந்து நிற்கும் ஓர் அருமையான இடம் புறநானூற்றின் 18-ஆவது பாட்டு. பாண்டியன் நெடுஞ்செழியனிடம் குடபுலவியனார் நீர்நிலைகள் அமைக்கச் சொல்லி வாதாடுகிறார். மறுமையில் செல்வம் வேண்டுமா, உலகை வெல்ல வேண்டுமா, நிலைத்த புகழ் வேண்டுமா, எதுவானாலும் கேள் என்று தொடங்குகிறார். நீரில்லாமல் உடம்பு இல்லை. உடம்பு உணவால் ஆனது. எனவே உணவு கொடுத்தவர் உயிர் கொடுத்தவர். உணவு என்பது நிலமும் நீரும் சேர்ந்தது. ஆகவே நிலத்தையும் நீரையும் சேர்த்துவைப்பவர் உடம்பையும் உயிரையும் படைத்தவர். வானத்தை மட்டும் நம்பிய நிலம் எவ்வளவு அகன்றதானாலும் அரசனின் முயற்சிக்கு உதவாது. எனவே பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கு.

இதில் விட்டுப்போன எடுகூற்றைத் தேடினால் வாதத்தின் நரம்பு கைக்குக் கிடைக்கும். மழையை நம்பிய நிலத்தில் வேண்டிய நேரத்தில் நீர் இராது, தேக்கிவைத்தால் இருக்கும் என்பதைப் புலவர் ஒரு படியாக வைக்கவில்லை. கேட்பவன் பாண்டிய நாட்டுக்காரன், வறண்ட கோடையைப் பார்த்தவன். இன்னொன்று: உயிர் கொடுப்பவரையே மறுமைச் செல்வமும் வெற்றியும் புகழும் சேரும். தொடக்கத்தில் சொன்ன மூன்று ஆசைகளையும் முடிவில் சொன்ன ஏரியையும் கட்டுவது இதுதான். அரசன் மறுக்க விரும்பினால் மறுக்கக்கூடிய கண்ணியும் இதுதான். சொல்லாமல் விட்ட எடுகூற்றில்தான் பெரும்பாலும் சண்டையின் வேர் இருக்கும் என்பது தர்க்கவியல் தரும் நடைமுறைப் பாடம்.

புலவரின் சங்கிலி வௌவால் சங்கிலியிலிருந்து ஒருவகையில் வேறுபடுகிறது. வௌவால் சங்கிலியில் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்துக்குள் அடங்குகிறது. இங்கே கொடுப்பது, ஆவது, படைப்பது என்று உறவுகள் கண்ணியாகின்றன. இந்த உறவுகளை மரபு தர்க்கத்தால் சரியாகக் கையாள முடியாது என்று எடுத்துக்காட்டி, உறவுகளுக்கென்றே தர்க்கம் ஒன்றைத் தொடங்கிவைத்தவர் அகஸ்டஸ் டி மார்கன். அவர் 1806-இல் மதுரையில் பிறந்தவர். எந்த உறவு கண்ணி கண்ணியாகக் கடந்து போகும், எது போகாது என்பதுதான் இங்கே கேள்வி. ‘மூத்தவர்’ கடந்து போகும்: அக்கா எனக்கு மூத்தவர், அண்ணன் அக்காவுக்கு மூத்தவர் என்றால் அண்ணன் எனக்கும் மூத்தவர். ‘நண்பர்’ கடந்து போகாது. நண்பருக்கு நண்பர் நமக்கு முகம் தெரியாதவராகவே இருக்கலாம். ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளீஸ், கிரேக்கத்திலேயே பெரிய அதிகாரம் தம் சிறு மகனுக்குத்தான் என்று வேடிக்கையாகச் சொன்னதை புளூட்டார்க் பதிவு செய்திருக்கிறார். கிரேக்கர்களை ஏதென்ஸ் ஆள்கிறது, ஏதென்ஸை நான் ஆள்கிறேன், என்னை என் மனைவி, அவளை என் மகன். சிரிப்பு வருவதற்குக் காரணம், ‘ஆள்வது’ ஒவ்வொரு கண்ணியிலும் வேறு வேறு பொருள் கொள்கிறது.

முன்னும் பின்னும்

சங்கிலியை எந்தத் திசையில் படிக்கிறோம் என்பதும் முக்கியம். மணிமேகலையின் 30-ஆவது காதையில் பௌத்தத்தின் 12 நிதானங்கள், அதாவது துன்பம் பிறக்கும் காரணக் கண்ணிகள், வருகின்றன. பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஒன்றைச் சார்ந்து அடுத்தது தோன்றும் என்று ஒருமுறை. பிறகு பேதைமை நீங்கினால் செய்கை நீங்கும், செய்கை நீங்கினால் உணர்வு நீங்கும் என்று மறுபடியும் முழு வரிசை.

ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்வானேன் என்று தோன்றலாம். தர்க்கப்படி இவை இரண்டு வேறு விஷயங்கள். மழை பெய்தால் முற்றம் நனையும் என்பதிலிருந்து, மழை பெய்யாவிட்டால் முற்றம் நனையாது என்பது பெறப்படாது. யாராவது தண்ணீர் தெளித்திருக்கலாம். முதலாவது, மழை போதும் என்கிறது. இரண்டாவது, மழையில்லாமல் முடியாது என்கிறது. துன்பம் எப்படி வருகிறது என்று விளக்க முதல் வரிசை போதும். துன்பத்தை ஒழிக்க வழி உண்டு என்று காட்ட இரண்டாவது வரிசை தனியே வேண்டும். சாத்தனாரின் காப்பியம் இரண்டையும் தனித்தனியாக நிறுத்தியிருப்பது தர்க்கம் அறிந்தவர் செய்யும் வேலை. இதற்கு முந்தைய காதையில் பக்கம், ஏது, திட்டாந்தம் என்ற வாத உறுப்புகளையும் அவற்றின் போலிகளையும் விரிவாகப் பேசிய நூல் அது.

கலைந்து கிடக்கும் கண்ணிகள்

உலகம் எடுகூற்றுகளை வரிசையாக அடுக்கித் தருவதில்லை. ‘ஆலிஸின் அற்புத உலகம்’ எழுதிய லூயிஸ் கரோல், ஆக்ஸ்ஃபோர்டில் கணித விரிவுரையாளராக இருந்தவர். 1896-இல் வெளியான அவருடைய தர்க்க நூலில், கலைந்து கிடக்கும் எடுகூற்றுகளைக் கொடுத்து முடிவைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிர்கள் நிறைய உண்டு. அந்த வகையில் ஒன்றைச் செய்து பார்ப்போம். பேச்செல்லாம் காகங்களைப் பற்றியது.

1. என் மாடியில் உட்காரும் காகங்கள் எல்லாம் பாட்டுக் கற்றவை.
2. வடை பிடிக்காத காகம் எதுவும் தெற்குத் தெருவில் இல்லை.
3. பாட்டுக் கற்ற காகம் எதுவும் நரியை நம்பாது.
4. வடை பிடித்த காகங்கள் எல்லாம் என் மாடியில் உட்காரும்.

முதல் வேலை, எந்தப் பதம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது. வடை இரண்டு முறை, மாடி இரண்டு முறை, பாட்டு இரண்டு முறை. தெற்குத் தெருவும் நரியை நம்புவதும் ஒவ்வொரு முறைதான். ஒருமுறை வருபவை முனைகள். அவையே முடிவில் தங்கும். இரண்டு முறை வருபவை நடுப்பதங்கள். அவை இணைத்துவிட்டு நீங்கிவிடும். அடுத்த வேலை, இரட்டை மறுப்பை நேராக்குவது. இரண்டாவது எடுகூற்று, தெற்குத் தெருக் காகங்களுக்கெல்லாம் வடை பிடிக்கும் என்று ஆகிறது. இனி முனையைப் பிடித்து இழுத்தால் போதும். தெற்குத் தெருவிலிருந்து வடை, வடையிலிருந்து மாடி, மாடியிலிருந்து பாட்டு, பாட்டிலிருந்து நரியை நம்பாமை. ஆகவே தெற்குத் தெருக் காகம் எதுவும் நரியை நம்பாது. வரிசை 2, 4, 1, 3.

எடுகூற்றுகள் நம்ப முடியாதவையாக இருப்பதில் ஒரு பயன் இருக்கிறது. முடிவு நமக்கு ஏற்கெனவே பிடித்ததாக இருந்தால் வாதத்தைச் சோதிக்காமலே தலையாட்டிவிடுவோம். காகமும் வடையுமாக இருக்கும்போது அந்தச் சலுகை கிடையாது. வடிவத்தை மட்டுமே பார்த்தாக வேண்டும்.

1895-இல் ‘மைண்ட்’ இதழில் கரோல் எழுதிய சிறு உரையாடல் இன்னும் ஆழமானது. அக்கிலீஸ் ஆமையிடம் இரண்டு எடுகூற்றுகளைச் சொல்கிறான். இரண்டும் உண்மைதான், ஆனால் முடிவை ஏன் ஏற்க வேண்டும் என்று ஆமை கேட்கிறது. ‘இவை இரண்டும் உண்மையானால் முடிவும் உண்மை’ என்று அக்கிலீஸ் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறான். அதையும் ஏற்கிறேன், ஆனாலும் முடிவை ஏன் ஏற்க வேண்டும் என்கிறது ஆமை. நான்காவது, ஐந்தாவது என்று நோட்டுப் புத்தகம் நிறைகிறதே தவிர முடிவு வரவில்லை. கண்ணிகளை இணைக்கும் விதியை இன்னொரு கண்ணியாகச் சேர்க்க முடியாது என்பதே இதில் கிடைக்கும் பாடம். எடுகூற்றுகளிலிருந்து முடிவுக்குப் போவது சிந்திப்பவரே செய்ய வேண்டிய செயல். அதைச் செய்ய மறுப்பவரை எந்த நீண்ட சங்கிலியும் அசைக்காது.

சேர்ந்துகொண்டே வரும் ஐயம்

இதுவரை எடுகூற்றுகள் உண்மை என்றே வைத்துக்கொண்டோம். வாழ்க்கையில் அநேகமாக உண்மை என்ற எடுகூற்றுகளே கிடைக்கின்றன. ஒன்றையொன்று சாராத 10 எடுகூற்றுகள், ஒவ்வொன்றும் உண்மையாக இருக்க 90 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நம்பகமானது. பத்தும் ஒருசேர உண்மையாக இருக்கும் வாய்ப்போ 0.9-ஐப் பத்து முறை பெருக்கக் கிடைப்பது, ஏறத்தாழ 35 சதவீதம். முடிவு வேறு வழியில் உண்மையாக இருக்கலாம். இந்தச் சங்கிலி அதற்குத் தரும் ஆதரவு அவ்வளவுதான். ஒவ்வொரு படியிலும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், கடைசியில் பாதிக்கும் குறைவான வாய்ப்புள்ள ஒன்றை உறுதி என்று நம்பி நிற்கிறார்.

இதன் உச்சத்தை கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் மிலேட்டஸ் நகரத்து யூபுலிடீஸ் பெயரால் வழங்கும் குவியல் புதிர் காட்டுகிறது. 10,000 நெல்மணிகள் ஒரு குவியல். குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்தால் மிச்சமும் குவியலே. இதை 9,999 முறை செய்தால் ஒற்றை மணியும் குவியல் என்றாகிவிடும். எந்தப் படியில் தவறு என்று சுட்ட முடியவில்லை. 1969-இல் ஜோசஃப் கோகென், உண்மைக்கு அளவுகள் உண்டு என்ற கணக்கை வைத்து இதை அணுகினார். அந்த வகையில், ஒவ்வொரு படியும் 0.9999 அளவு உண்மை என்று வைத்துப் பெருக்கினால் 9,999 படிகளுக்குப் பின் மிஞ்சுவது சுமார் 0.37. ஒரு படியில் கண்ணுக்கே தெரியாத குறை, நீளத்தால் மலையாகிறது.

நீளத்தை எதிர்கொள்ள இரண்டு வழிகளைப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முதலாவது பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேகார்ட்டின் வழி. சங்கிலியின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மனத்தால் மீண்டும் மீண்டும் ஓடிப்பார். நினைவாற்றலை நம்ப வேண்டிய தேவை குறைந்து, முழுவதும் ஒரே பார்வையில் தெரியும்வரை ஓடு என்றார் அவர். இது வடிவப் பிழையையும் மறதியையும் பிடிக்கும். எடுகூற்றின் ஐயத்தைத் தீர்க்காது. இரண்டாவது அமெரிக்கத் தர்க்கவியலாளர் சார்ல்ஸ் பர்ஸ் 1868-இல் சொன்னது. மிகப் பலவீனமான கண்ணியைவிட எந்தச் சங்கிலியும் பலமானதல்ல. ஆகவே நம் காரணங்கள் வடத்தைப் போல இருக்கட்டும். இழைகள் மெல்லியவையானாலும் போதிய எண்ணிக்கையில் முறுக்கிச் சேர்ந்தால் பாரம் தாங்கும். அறிவியல் நம்பிக்கைக்குரியதாக இருப்பதன் ரகசியம் இது. பூமியின் வயதோ பரிணாமமோ ஒற்றைச் சங்கிலியில் தொங்கவில்லை. பாறைகள், விண்கற்கள், புதைபடிவங்கள், மரபணுக்கள் என்று தனித்தனியே வந்த இழைகள் ஒரே இடத்தில் சேர்கின்றன.

நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியை உயிர்ப் பிரச்சினையாகவே சந்திக்கின்றன. நேரில் பார்த்த சாட்சி இல்லாத கொலை வழக்குகள் சந்தர்ப்ப சாட்சியத்தை நம்பி நடக்கின்றன. இப்படிப்பட்ட வழக்குகளுக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 1984-இல் ஒரு தீர்ப்பில் ஐந்து நெறிகளைத் தொகுத்துத் தந்தது. ஒவ்வொரு சந்தர்ப்பமும் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும். அவை குற்றத்தோடு மட்டுமே பொருந்த வேண்டும். தீர்க்கமானவையாக இருக்க வேண்டும். வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் தரக் கூடாது. குற்றமற்றவர் என்று கருத நியாயமான காரணம் எதுவும் மிஞ்சாதபடி சங்கிலி முழுமையாக இருக்க வேண்டும். ஒரு மனிதரின் உயிர் கடைசிக் கண்ணியில் தொங்கும்போது, ‘அநேகமாக’ என்ற சொல்லை ஒவ்வொரு கண்ணியிலும் தேடிப் பார்க்கும் கடமை சட்டத்துக்கு இருக்கிறது.

விரல் வைக்க ஓர் இடம்

ஐயம் சேரும் என்பதால் நீண்ட வாதங்களையே ஒதுக்கிவிடலாமா? கூடாது. கணிதம் முழுவதும் நீண்ட வாதம்தான். ரோமானியச் சிந்தனையாளர் செனெக்கா தம் 85-ஆவது கடிதத்தில் ஸ்டோயிக் மரபின் சங்கிலி ஒன்றை எடுத்துக்கொள்கிறார். விவேகி தன்னடக்கம் உள்ளவர். தன்னடக்கம் உள்ளவர் நிலைபெயராதவர். நிலைபெயராதவர் கலங்காதவர். கலங்காதவருக்குத் துயரம் இல்லை. துயரம் இல்லாதவர் மகிழ்ச்சியானவர். ஆகவே விவேகி மகிழ்ச்சியானவர்; நல்வாழ்வுக்கு விவேகமே போதும்.

அரிஸ்டாட்டில் வழிவந்தவர்கள் இதை ஏற்கவில்லை. அவர்கள் பொத்தாம்பொதுவாக மறுத்துவிட்டுப் போகவும் இல்லை. ‘கலங்காதவர்’ என்ற கண்ணியில் விரல் வைத்தார்கள். கலங்காதவர் என்றால் ஒருபோதும் கலங்காதவர் அல்ல, எப்போதாவது, அளவோடு கலங்குபவர் என்றார்கள். அந்தப் பொருளில் எடுத்தால் கலங்காதவருக்கும் துயரம் வரலாம். சங்கிலி அங்கே நின்றுவிடுகிறது. செனெக்கா அதே கண்ணியில் நின்று, குறைந்த அளவு நோய் இருப்பவரை நலமானவர் என்போமா என்ற போக்கில் பதில் சொன்னார். மனித வாழ்வின் மிகப் பெரிய கேள்வி ஒன்று, ஒற்றைச் சொல்லின் அளவைப் பற்றிய தெளிவான வழக்காகச் சுருங்கியது. அந்த வழக்கு இன்றும் முடியவில்லை. ஆனால் எதைப் பற்றிய வழக்கு என்பதில் இரு தரப்புக்கும் குழப்பம் இல்லை.

நம் காலத்து வாதங்களுக்கு இந்தத் தெளிவு அவசரமாக வேண்டியிருக்கிறது. ஓர் அரசியல் பேச்சோ, வாட்ஸ்அப்பில் வந்த நீண்ட செய்தியோ, நாமே எழுதிய கட்டுரையோ, எதையும் ஒரு தாளில் எடுகூற்று எடுகூற்றாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். இடைமுடிவுகளை வாய்விட்டுச் சொல்லுங்கள். விட்டுப்போன எடுகூற்றை எழுதிச் சேருங்கள். ‘சில’ எங்கே ‘எல்லாம்’ ஆனது, ‘இருக்கலாம்’ எங்கே ‘இருக்கிறது’ ஆனது, ஒரே சொல் எங்கே பொருள் மாறியது என்று பாருங்கள். வாதம் பொய் என்று தெரிந்தால், பொய்யான இடமும் தெரிந்துவிடும். உண்மை என்று தெரிந்தால் முன்பைவிட உறுதியாக நம்பலாம். இரண்டும் இல்லாமல் கருத்து வேறுபாடு மிஞ்சினாலும் ஆதாயம் உண்டு: மாற்றுக் கருத்துக்காரரோடு எத்தனை கண்ணிவரை ஒன்றாக வந்திருக்கிறோம் என்று தெரியும். ஏற்காதவர் விரல் வைத்துச் சொல்ல இடம் தருகிற வாதமே நேர்மையான வாதம். அந்த இடத்தை மறைக்கிற வாதம் எவ்வளவு நீளமானாலும், எவ்வளவு உரத்து ஒலித்தாலும், நம் சம்மதத்தைக் கேட்கும் தகுதி அதற்கு இல்லை.